ஆஸ்டின் காரின் தரைத் தகரம்

மருதாள் எந்த இரும்புச் சாமானையும் தட்டிப் பார்க்காமல் தூக்க மாட்டாள். கிணற்றடி வாளியோ, விசேஷ வீட்டில் தண்ணீர் மொள்ளக் கொடுத்த தகரக் குடமோ, கவிழ்த்து வைத்து விரல் முட்டியால் அடியில் இரண்டு தட்டு. ணங்கென்று கேட்டால் எடுப்பாள். சத்தம் அமுங்கி வந்தால் ஓரமாக வைத்துவிடுவாள். "மருதக்கா பொண்ணு பாக்கப் போனாலும் தட்டித்தான் பாக்கும்" என்று நொய்யல் கரை ராயபுரத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

சலவைப் பட்டறை பழக்கிவிட்ட பழக்கம் அது. பனியன் துணியை வெளுக்கிற பிளீச்சிங் தண்ணீர் இரும்பையும் சேர்த்துத் தின்னும். புது வாளி ஒரு வருஷம் தாங்காது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். தூக்கினால் அடி கழன்று காலில் விழும்.

நொய்யல் கரையில் அந்தப் பட்டறை அவள் புருஷன் ரத்தினசாமியுடையது. முதலாளி அவர், தொட்டியில் இறங்கித் துணி மிதிப்பவள் இவள். பிள்ளையில்லை. கல்யாணத்தின்போது சேவூரிலிருந்து அவள் அப்பன் ஒரு வில்வண்டியும் இரண்டு காளைகளும் கொடுத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை பட்டறைக்கு லீவு. அன்றைக்கு அந்த வண்டியில் சேவூர் போய்த் தன் அம்மாவோடு ஒரு பகல் இருந்துவிட்டு வருவாள். அந்த ஒரு பகலுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் தொட்டியில் நிற்பதாக அவளுக்குத் தோன்றும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ரத்தினசாமிக்குக் கார் ஆசை பிடித்தது. தாராபுரத்தில் ஒரு பண்ணைக்காரர் வீட்டுப் புகையிலைக் கொட்டகையில் பழைய ஆஸ்டின் ஒன்று சும்மா கிடந்தது. உலகச் சண்டைக்கு முந்தி வந்த வண்டி. பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழியையும் சேர்த்துத்தான் விலையா என்று பண்ணைக்காரர் சிரித்தாராம். ரத்தினசாமி வில்வண்டியையும் காளைகளையும் விற்றுப் பணம் தருவதாகச் சொல்லி அதை வாங்கினார். ஆனால் விற்பதற்கு முன் அந்தக் காளைகளுக்கு ஒரு வேலை வைத்தார். காரைக் கயிற்றில் கட்டித் தாராபுரத்திலிருந்து இரண்டு நாள் இழுத்து வந்தவை அவைதான். மூன்றாம் நாள் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். கழுத்தில் கயிறு அறுத்த புண்ணுக்கு மருதாள் மஞ்சள் வைக்கப் போனபோது, "அளுவாத புள்ள. இனி உங்கூருக்கு ராணியாட்டம் கார்ல போவே" என்றார் ரத்தினசாமி. அவள் நம்பினாள்.

பஸ் பட்டறையில் வேலை பார்த்த முஸ்தபா பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காரைப் பிரித்தார். இஞ்சின் சாமான்களெல்லாம் பனியன் துணியில் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு ஆணியையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துரு போகத் தேய்த்தவள் மருதாள். கோழி எச்சம் படிந்த சீட்டைச் சுரண்டினவளும் அவள்தான். தரை முழுக்க இற்றுப் போயிருந்ததால் பாய் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதுத் தகரம் அடித்து, அதன்மேல் சீட்டுகளை ஆணி போட்டு முறுக்கினார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. கடைசியில் அரக்குச் சிவப்பில் பெயிண்ட் காய்ந்து, கைப்பிடிகள் பளபளக்க, இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டபோது ரத்தினசாமியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனுஷன் அழுது அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் சவாரி அவிநாசிக் கோயிலுக்கு. மருதாள் கூறைப் புடவை கட்டி வாசலில் நின்றாள். பனியன் கம்பெனி முதலாளிகள் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவள் கதவுப் பிடியில் கை வைத்ததும் ரத்தினசாமி அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் வழியாக அவர்கள் மூக்குக்கு நீட்டினார்.

"மோந்து பாருங்க. இவள ஏத்துனா ஆறு மாசத்துக்குக் கார்ல பிளீச்சிங் நாத்தம் போவாதுங்க."

ஒருவர் சிரித்தார். மற்றவர் சாலையைப் பார்த்தார். கார் போய்விட்டது. மருதாள் புடவையை மாற்றிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள்.

அதற்கப்புறம் கார்தான் ரத்தினசாமிக்கு எல்லாம். ஞாயிறானால் சிவன்மலை, அவிநாசி, தாராபுரம். ஆரனை அமுக்கினால் ரோட்டில் போகிற சனம் ஒதுங்குகிற அழகைச் சொல்லிச் சொல்லி மாளாது அவருக்கு. நிறுத்தி வைக்கப் பெரிய கூரை பட்டறைக் கொட்டகையில்தான் இருந்தது. தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். தினமும் காலையில், துணி அலசின தொட்டித் தண்ணீரில் பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, காரை உள்ளும் வெளியும் அவரே துடைத்தார். மண்ணெண்ணெய்த் துணியால் வாரத்துக்கு ஒருதரம் துடைத்தால் போதும், தண்ணீரே வேண்டாம் என்று முஸ்தபா பாய் சொல்லிப் பார்த்தார்.

"ஊருக்கே வெளுத்துக் குடுக்கறவன் நானு. சுத்தத்த எனக்குச் சொல்லித் தர்றியா பாய்?"

பாய் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காரில் மருதாளுக்கு விட்ட வேலை ஒன்றே ஒன்று. காலடியில் கிடக்கும் தேங்காய் நார் விரிப்பை எடுத்து உதறிப் போடுவது. இரண்டாம் வருஷம் அதை எடுத்தபோது அடியில் ஈரம் கோர்த்துக் கிடந்தது. பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. முட்டியால் தட்டினாள். டிரைவர் சீட்டுக்குக் கீழே சத்தம் அமுங்கி வந்தது.

அன்று மத்தியானம் பாயும் இருந்தார். அவள் கதவோரம் நின்று, தகரம் இத்துப் போவுதுங்க, தட்டிப் பாருங்க என்று சொன்னாள். ரத்தினசாமி பாயைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டியா பாய்? உன்ற வேலைக்கு இனி இவதான் மேஸ்திரி." அவளிடம் திரும்பினார். "கார்ல ஏத்தலன்னு வயித்தெரிச்சல். வாளிய மட்டும் தட்டு, போ."

பாய் குனிந்து பார்த்திருப்பார். அதற்குள் ரத்தினசாமி கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த வருஷம் ஆடியில் ஒரு நாள் காலை, சேவூரிலிருந்து ஆள் வந்தது. அம்மா விடியற்காலம் போய்விட்டாள். ரத்தினசாமி முதலாளிகளை ஏற்றிக்கொண்டு அவிநாசிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சேவூருக்கும் அதே வழி. அவிநாசியில் இறக்கிவிட்டால் போதும், நடந்து போய்விடுகிறேன் என்று மருதாள் கேட்டாள். ஈரக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு கேட்டாள். அவர் முதலாளிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸுல வா, நான் இவிங்கள வுட்டுட்டு அங்க வந்தர்றேன் என்றார்.

பஸ் போயிருந்தது. அடுத்தது மத்தியானத்துக்கு மேல்தான். சேவூரில் இறங்கி ஓடியபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் சாணித் தண்ணீர் தெளித்து ஈரம் காயவில்லை. அண்ணன் கன்னையன் மொட்டைத் தலையோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். உச்சி வரைக்கும் வைத்திருந்தார்களாம். ரோட்டில் ஆரன் கேட்கும் கேட்கும் என்று பார்த்தார்களாம். பிறகு யாரோ சொன்னார்களாம்: "கார் இருக்கறவ வர்றதுன்னா இந்நேரம் வந்திருப்பா."

ரத்தினசாமி மூன்றாம் நாள் வந்தார். காரை வாசலை அடைத்து நிறுத்தினார். தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டம் கூடிற்று.

அதன்பிறகும் மருதாள் தினமும் விரிப்பை எடுத்து உதறினாள். தினமும் தட்டினாள். கொப்புளம் உடைந்து செதில் செதிலாக வந்தது. அள்ளித் தூர எறிந்துவிட்டு விரிப்பைக் கோணாமல் விரித்தாள். ரத்தினசாமி மேலே மறுபடியும் பெயிண்ட் அடித்துக்கொண்டார். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம் கன்னையன் மகளுக்குச் சேவூரில் கல்யாணம். அத்தை வீட்டுச் சீர்த் தட்டோடு புருஷனும் பொண்டாட்டியுமாய்ப் போக வேண்டும். தனியாகப் போய் இறங்கினால் சபை சிரிக்கும். காலையில் ரத்தினசாமி பட்டு வேட்டி கட்டி, காரைத் துடைத்து, கார் வாங்கிய ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாகப் பக்கத்துக் கதவைத் தானே திறந்து பிடித்தார்.

"ஏறு."

மருதாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் தட்டியபோது விரல் முட்டி தகரத்துக்குள் போயிருந்தது.

"நீங்க முன்னால போங்க. நான் பஸ்ஸுல வந்தர்றேனுங்க."

"நானே கூப்புடறேன். பின்ன என்ன? ஏறு."

"கை நாறுதுங்க" என்றாள்.

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். ஆரன் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அவிநாசி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் மெதுவாகிற்று. எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். மருதாள் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கார் புளியமரத்தடியில் கோணி நின்றது. சீட்டோடு தரை இறங்கி, கால் அடியில் மாட்டி, பின்சக்கரம் ஏறிவிட்டதாகக் கீழே நின்றவர் ஒருவர் கண்டக்டரிடம் சொன்னார். ஆளை லாரியில் ஏற்றி அவிநாசிக்குக் கொண்டு போயாயிற்றாம். உசுரு இருக்குதாம். ரோட்டில், கல்யாணத்துக்கென்று அவர் வாங்கின புதுச் செருப்பு ஒன்று கிடந்தது. மருதாள் அதைப் பார்த்தாள். இறங்கவில்லை. மடியிலிருந்த சீர்த் தட்டில் தேங்காய் உருளாமல் பிடித்துக்கொண்டாள். பஸ் சேவூருக்குப் போயிற்று.

முகூர்த்தத்துக்குச் சீர் வைத்தாள். பெண்ணுக்குப் பூ வைத்தாள். மாமனைக் காணோமே என்றதற்கு, கார் வழியில் நின்றுவிட்டது என்றாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கன்னையனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், அவள் கஞ்சி கொடுக்கும்போது ரத்தினசாமி கையைத் தடுத்தார்.

"தகரம் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனுங்க. பாய் இருந்தாப்புல. நீங்க சிரிச்சீங்க."

அவர் தடுத்த கையை இறக்கினார். பிறகு வாயைத் திறந்தார். அவள் கஞ்சியை ஊட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பட்டறையை இப்போது மருதாள்தான் நடத்துகிறாள். தொட்டியில் இறங்க ஆள் வைத்திருக்கிறாள். காரைப் பழைய இரும்புக்குக் கேட்டு வருகிறவர்களை ரத்தினசாமி ஏசி விரட்டுகிறார். அது கொட்டகையில் செங்கல் மேல் நிற்கிறது. காலையில் கட்டையை ஊன்றி வந்து, கதவில்லாத பக்கமாக ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு மருதாள் தட்டத்தை அங்கேயே கொண்டுபோய் வைக்கிறாள். உள்ளே அவள் ஒருநாளும் ஏறவில்லை. அமாவாசைக்கு அமாவாசை பஸ்ஸில் சேவூர் போய் வருகிறாள்.