பூ கேட்டு வாங்கிய கார்

நான் பூ வாக்கில் ஏமாற்றினேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் மற்றொன்றில் சிவப்புப் பூவும் இருக்க வேண்டும். இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். கை தவறி அல்ல. தெரிந்தே, நிதானமாக, முடிச்சைக்கூடச் சரிபார்த்துச் செய்தேன்.

எதற்காக? ஒரு காருக்காக என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிடுங்கள். நானும் சில நாள் அப்படிச் சிரித்துத் தப்பிக்கப் பார்த்தேன்.

நாங்கள் நாமக்கல்லுக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். பண்ணையை இப்போது என் மகன் பிரபு பார்த்துக்கொள்கிறான். நான் படிக்கிறேன், நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நாள், குஞ்சு இறக்கிய நாள், காரில் போன ஊர், ஓடிய கிலோமீட்டர்... முப்பது வருஷமாகத் தேதி, கிழமையோடு எழுதி அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். பழைய விஷயம் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஊரில் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இருந்து தொலைத்தது.

பழைய காரைக் கொடுத்துவிட்டுச் சொகுசு செடான் ஒன்று வாங்குவதென்று பிரபு முடிவு செய்தான். சேலத்தில் இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று பெட்ரோல், மற்றது மின்சாரம். எதை எடுப்பது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. பெட்ரோல் கார் வந்தால் தீவனம் வாங்க ஹைதராபாத், விஜயவாடா என்று பிரபு கொண்டு போய்விடுவான். மின்சாரக் கார் வந்தால் அவ்வளவு தூரத்துக்கு அவன் இப்போது போலவே ரயிலில் போவான்; கார் கார்த்திகாவின் கையில் இருக்கும்.

கார்த்திகா என் மருமகள். பிசியோதெரபி படித்தவள். பேத்தி பிறந்தபோது வேலையை விட்டாள். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். "நம்ம ஊட்டுப் புள்ள பஸ்ஸுல நின்னுக்கிட்டா வேலைக்குப் போறது?" என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னவன் நான்தான். அந்தக் கதவை நானே அடைத்திருந்தேன்.

ஆக, எந்தக் கார் வருகிறதோ அதை வைத்துத்தான் அவள் வேலைக்குப் போவதா இல்லையா என்பது. இது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

நான் பெட்ரோல் பக்கம். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். நான்காம் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கார்த்திகா என் நோட்டுகளில் ஐந்தாறை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. உங்க நோட்டத்தானுங்க பாத்தேன். ஒரு தடவ சார்ஜ் போட்டா அந்தக் காரு முன்னூறுக்கு மேல ஓடுமுங்க. பத்து வருசத்துல, நாம ஒரு நாளைக்கு முன்னூறு கிலோமீட்டர் தாண்டுனது மூணே தடவைங்க. அதுலயும் ஒண்ணு, அத்தையோட அண்ணன் ஊட்டுக் கலியாணத்துக்கு வழி தப்பிச் சுத்துனது. நீங்களே எழுதியிருக்கறீங்க, என் பிடிவாதத்தால் வழி தவறியதுன்னு."

பிரபு வாய்விட்டுச் சிரித்தான். "ஏனுங்கப்பா, உங்க நோட்டே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுதுங்களே."

என் மனைவி சரஸ்வதிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "நாப்பது வருசமா நாஞ் சொன்னா நம்பல. இப்ப அவரு கையெழுத்துலயே இருக்குது பாரு சாமி," என்றாள் மருமகளிடம்.

நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே எரிந்தது... முப்பது வருஷம் எழுதியதில் ஒரு வரியைக்கூட அந்த வீட்டில் யாரும் படித்ததில்லை. முதன்முதலாகப் படித்தவள் அவள். பொறுமையாக, பக்கம் பக்கமாக, எனக்கு இருக்கும் அதே கவனத்தோடு படித்திருக்கிறாள். அவளைக் கொண்டாடியிருக்க வேண்டாமா நான்? என் நோட்டை என்னைவிட நன்றாக ஒருத்தி படித்துவிட்டாள் என்பதைத் தாங்க முடியாத அற்பன்!

"அப்பச் சாமிகிட்டயே பூ கேட்ருவோம்," என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். கிணறு வெட்ட, பெண் எடுக்க, நிலம் வாங்க, மனசு இரண்டாகப் பிரிந்தால் குலசாமி கோயிலுக்குப் போவோம். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று சன்னிதியில் உரக்கச் சொல்லிவிட்டு, பூக்களை இலையில் தனித்தனியாகப் பொதிந்து சாமி முன் வைப்போம். ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். அதில் உள்ளதுதான் வாக்கு.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. படித்த திமிரில் பல இடங்களில் கேலியும் பேசியிருக்கிறேன். கார்த்திகாவுக்கு நம்பிக்கை உண்டு. என் மகனைக் கட்டிக்கொள்ளவே அவள் வீட்டில் பூ கேட்டுத்தான் சம்மதித்தார்கள். அது எனக்குத் தெரியும். எங்கே அடித்தால் திருப்பிப் பேச மாட்டாளோ, அந்த இடத்தைத் தேடி அடித்தேன்.

ஆவணி மாதம், இரண்டாம் வெள்ளி, காலை. மோகனூர்ப் பக்கம், காவிரிக் கரையில் எங்கள் கோயில். வெள்ளை வந்தால் மின்சாரம், சிவப்பு வந்தால் பெட்ரோல் என்று பிரபு சொன்னான். பொட்டலத்தை யார் கண்ணிலும் படாமல் கட்ட வேண்டும் என்பது முறை. வீட்டுக்கு மூத்தவன் கட்ட வேண்டும் என்பதும் முறை. அரளிப் பூக்களோடு கோயிலின் பின்புறம் போனேன். முறை எவ்வளவு வசதியாக இருந்தது! வெள்ளை அரளியை வேலிக்கு அப்பால் எறிந்தேன். இரண்டு பொட்டலங்களையும் வாழை நாரால் ஒரே மாதிரி கட்டினேன்.

இத்தோடு நின்றிருந்தால்கூட நான் ஒரு சாதாரணத் திருடனாக இருந்திருப்பேன்.

பூசாரி, விளையாடிக்கொண்டிருந்த என் பேத்தியைக் கூப்பிட்டார். குழந்தை எடுப்பதுதான் வழக்கம். நான் தடுத்தேன்.

"காரு கார்த்திகா ஓட்டறதுக்குத்தானுங்க. அவளே எடுக்கட்டும்," என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீயே எடு சாமி," என்றேன்.

பிரபு என்னைப் பெருமையோடு பார்த்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பெருந்தன்மையான மாமனாராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையா? தோல்வியை அவள் கையாலேயே எடுக்க வைக்க வேண்டும் என்ற வன்மமா? இரண்டும்தான். இரண்டும்தான்...

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை முதலில் இடப்பக்கம் போயிற்று. தயங்கி, வலப்பக்கத்தை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

"இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டிப்போடலாமுங்களா? பாக்கறவங்களுக்கு மனசு நெறையுமுங்க," என்றார் பூசாரி.

"வந்த வாக்கச் சோதிக்கக் கூடாதுங்க." சொல்லிக்கொண்டே அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். பூசாரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருநீறு கொடுத்தார். நான் ஆற்றில் இறங்கி அந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டேன். கும்பிடுவது போல நின்றேன். பின்னால் நின்ற என் மனைவியும் கும்பிட்டாள்.

திரும்பி வரும்போது வண்டியில் சரஸ்வதிதான் மெல்ல ஆரம்பித்தாள். "பூவு காருக்குத்தான கேட்டோம். வேலைக்குன்னு கேக்கலியே சாமி."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க அத்தை," என்றாள் கார்த்திகா. "வேற ஆராச்சு எடுத்திருந்தா மனசுல ஒரு இது இருந்திருக்கும். எங் கையிதானுங்க எடுத்துச்சு."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கிளினிக்குக்குப் போன் செய்தாள். பக்கத்து அறையில் நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இல்லீங்க மேடம், இப்பத்திக்கு முடியாதுங்க. வேற ஆள் பாத்துக்கங்க." குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எழுந்து போய்ச் சொல்லியிருப்பேனோ? சொல்லியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

கோயிலுக்குப் போன அன்றைக்கு நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: "பூ கேட்டோம். சிவப்பு வந்தது. பெட்ரோல் கார் முடிவாயிற்று." ஒரு வார்த்தை பொய் இல்லை. முப்பது வருஷ நோட்டில் இதைவிடப் பெரிய பொய்யும் இல்லை.

யார் மேல் கோபப்படுவது? வாங்க வேண்டிய காரைத் தானே முடிவு செய்யத் தெரியாமல் பூவிடம் விட்ட மகன் மேல் பட்டேன். சந்தேகப்பட்டும் வாயைத் திறக்காத பூசாரி மேல் பட்டேன். ஒரு இலைப் பொட்டலத்துக்குத் தன் படிப்பையே கொடுத்துவிட்டு நிற்கிறாளே என்று அவள் மேலும் பட்டேன், வெட்கமில்லாமல்! நான் நம்பாத சாமி மேல்கூடப் பட்டேன். ஒரு வார்த்தையில் சரியாகப் போயிருக்கும். அந்த வார்த்தையைச் சொல்லாமல், சுற்றியிருக்கிற அத்தனை பேர் மேலும் கோபப்பட்டுக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டேன். நீங்களும் "வயதானவர், போகட்டும்" என்று இரக்கப்படாதீர்கள். அது எனக்கு எரிச்சலைத்தான் தரும்.

கார் வந்துவிட்டது. நல்ல கார். நான் அதில் இரண்டு தடவைதான் ஏறினேன். அது இந்த வாரமும் ஹைதராபாத்தில் இருக்கிறது.

தை மாதத்திலிருந்து என் வலது தோள் இறுகிப்போய்க் கை மேலே போகவில்லை. சட்டை மாட்ட முடியவில்லை. கார்த்திகாவே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தினமும் காலை ஏழு மணிக்கு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறாள். பத்து எண்ணுகிறாள். இறக்குகிறாள். மறுபடி தூக்குகிறாள். எவ்வளவு தேர்ந்த கை அது! எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்கு முன்னால் அதற்குத் தெரிகிறது. சேலத்தில் எத்தனையோ பேர் அந்தக் கைக்காகக் காத்திருந்திருப்பார்கள். இன்று அதற்கு ஒரே ஒரு நோயாளி. நான்.

இன்று காலை சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தேன். வலியால் முனகப் போகிறேன் என்று நினைத்து அவள் சட்டென்று கையைத் தளர்த்தினாள்.

"ரொம்ப வலிக்குதுங்களா மாமா? போதுங்களா?"

"இல்ல சாமி," என்றேன். "இன்னுங் கொஞ்சம் தூக்கு."