அண்ணி சொன்ன 'எடுத்தேன்'

அண்ணியைத் திருட்டுக் குற்றம் சாட்டிப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது என்று செய்தி வந்தபோது, அவள் குழந்தை தொட்டிலில் பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. அண்ணன் மாந்தலேயில் வேலையாக இருந்தான். வீட்டில் அப்பா, அம்மா, நான். 

ரங்கூனில் வங்கிகள் அரசுடைமையான வருஷத்து மழைக்காலம் அது. கியாக்டடா பகுதியில் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு வேலை நிலைக்குமா என்ற பயம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்குக் கப்பலேறத் தொடங்கியிருந்தார்கள். நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். "வெறும் சட்டத்த வச்சுக்கிட்டு என்ன செய்வே? கூடவே கணக்கியலும் சேத்துப் படி. எந்த ஊருக்குப் போனாலும் சோறு கிடைக்கும்" என்றார் அப்பா. என் மனமோ பர்மிய இலக்கியத்தைச் சேர்த்துப் படிக்கச் சொன்னது. நீதிமன்றங்களில் ஆங்கிலம் ஒதுங்கி, எல்லாம் பர்மிய மொழிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஆனால் நான் ஆங்கில மிஷன் பள்ளியில் படித்தவன். என் பர்மிய மொழி தெருவில் பேசிப் பழகியது. வகுப்பில் வாய் திறக்கவே கூசுவேன். எந்தப் படிப்பைச் சேர்ப்பது என்று மாதக்கணக்கில் ஜெபித்தேன். பதிலே இல்லை. ஜெபிப்பதையே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்த நிலைமையில்தான் அண்ணி பிடிபட்டாள். திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். பர்மிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. லான்மடா பகுதியில் ஒரு துணிக்கடையிலிருந்து காசு கொடுக்காமல் துணியோடு வெளியேறினாள் என்று கடைப் பெண் புகார் கொடுத்திருந்தாள். அண்ணியைப் பார்க்க எங்களை விடவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்த காலையில் கடைசி பெஞ்சில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். மொழிபெயர்க்க வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. கடைத்தெருவில் கேட்டுப் பழகிய தமிழ்.

"கடையில் என்ன செய்தாய்?" என்று நீதிபதி கேட்டார்.

அண்ணி கும்பிட்டபடி, "பிள்ளைக்குத் துணி எடுத்தேன் ஐயா" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைப் பர்மிய மொழியில் சொன்னார். 'எடுத்தேன்' என்பதற்கு 'யூ' என்ற சொல்லைப் போட்டார். கையால் எடுத்துக்கொள்வதற்கான சொல் அது. நீதிபதி தலையசைத்து எழுதிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது!

 துணி எடுத்தேன் என்றால் துணி வாங்கினேன் என்றுதான் அர்த்தம் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்? 'ஆண்டவரே, என் நாவைத் திறந்தருளும்' என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டேன்.

அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா, உன்னையும் உள்ள வச்சிருவாங்க!"

நீதிபதி நிமிர்ந்தார். "நீ யார்?"

சட்ட மாணவன், இவளுடைய கொழுந்தன் என்றேன். திக்கித் திக்கித்தான் பேசினேன். தமிழில் துணிக்கடைக்குப் போய் 'எடுத்தேன்' என்றால் அது 'யூ' இல்லை, 'வெ', அதாவது விலைகொடுத்து வாங்குவது என்றேன். நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர், "ஆமாம், அப்படியும் சொல்வார்கள். எனக்கு அது தோன்றவில்லை" என்றார். அந்த மனிதரின் நேர்மையை இன்றும் நினைத்து நன்றி செலுத்துகிறேன்.

"அப்படியானால் காசை யாரிடம் கொடுத்தாள் என்று கேள்" என்றார் நீதிபதி.

"வாசப்பக்கம் ஒரு பெரியவர் இருந்தாரு, அவர் கையிலதான் குடுத்தேன்" என்றாள் அண்ணி. அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

கடைக்காரரின் மாமனார் அவர். அண்ணி துணி எடுத்த அன்று மதியமே, கடைப் பெண்ணிடம் எதுவும் சொல்லாமல், பெகு ஊரில் இருக்கும் இன்னொரு மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். மறுநாள் அவரை அழைத்து வந்தார்கள். அண்ணியைப் பார்த்ததுமே, "கைக்குழந்தைக்கு மெல்லிய துணி வேண்டும் என்று சைகை காட்டிய பெண் இவள்தான். காசு வாங்கிக்கொண்டு நான்தான் அனுப்பினேன்" என்றார். கடைப் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அண்ணி விடுதலையானாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தொட்டிலுக்கு ஓடினாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் முழங்காலில் நின்றோம். ஜெபம் முடிந்து எழுந்தபோது அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. "கணக்கெல்லாம் வேணாம்டா. நீ பாஷையப் படி. நம்ம சனங்களுக்கு அங்க பேச ஆள் இல்ல" என்றார்.

மாதக்கணக்கில் நான் கேட்டதற்குப் பதில் அப்பாவின் வாயிலிருந்தே வந்தது. சட்டத்தோடு பர்மிய இலக்கியமும் படித்தேன். கஷ்டப்பட்டேன், ஒரு தடவை தோற்றும் போனேன். ஆனால் அதற்குப் பிறகு கூசவில்லை. எங்கள் சொந்தங்கள் பலர் கப்பலேறினார்கள். நான் தங்கினேன். பேச வாயில்லாமல் கூண்டில் நின்ற எத்தனையோ பேருக்காகப் பேச ஆண்டவர் எனக்குக் கிருபை செய்தார். புகழ் அவருக்கே.

இதை வாசிக்கிறவர்களில் எதைப் படிப்பது, எந்தப் பக்கம் போவது என்று தவிக்கும் பிள்ளைகள் இருக்கலாம். பதில் வரவில்லையே என்று ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. என் உதவி தேவைப்பட்ட ஒருத்தியை ஆண்டவர் என் கண்முன்னே நிறுத்தினார், அவ்வளவுதான். உங்கள் முன்னாலும் அவர் ஒருவரை நிறுத்துவார். அப்போது பயப்படாமல் எழுந்து நில்லுங்கள்.