பயப்பட ஒருவர் வேண்டும்

தமிழில் பேய்க்கதை எழுதிப் பிழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேய் கிடைக்கும், பயப்பட ஆள் கிடைக்காது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னத் தயாரிப்பு நிறுவனத்துக்கு டெலிமூவி, அதாவது டிவிக்கான படம், எழுதுவது என் வேலை. மூன்று படத்துக்குள் பார்ப்பவர்களை நடுங்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு எழுத்தாளர் என்பது பேச்சு. என்னைப்போல் பிறர் கேட்டபடி எழுதி மாய்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கோரைப்பல்

முதல் அரக்கனுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. கோரைப்பல், பிதுங்கிய கண், முறுக்கு மீசை, கையில் அரிவாள். பண்டமாரானில் ஒரு பெரிய மரத்தடியில் ஷூட்டிங். முதல் நாள் என்பதால் பூசை போட்டார்கள். கேமராவுக்குப் பொட்டு வைத்த மேக்கப் அண்ணன், கைப்பழக்கத்தில் அரக்கனின் நெற்றியிலும் விபூதியைப் பூசி, காலடியில் எலுமிச்சம்பழத்தையும் வெட்டி வைத்துவிட்டார்.

பாசாருக்குப் போய்க் காய்கறிப் பையோடு திரும்பிய ஓர் அம்மா செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடிகர் பயத்தில் மூச்சுகூட விடவில்லை. நான் ஓடிப்போய், இது பேய் என்று விளக்கினேன். அவர் என்னைத்தான் முறைத்தார். "வாயைக் கழுவுங்க தம்பி. என் மவன் லோரி ஓட்டுறான். அவனுக்குக் காவலுக்கு நிக்கிற சாமியப் போயி பேய்ங்கிறீங்க."

பழைய கதை

பல்லைப் பிடுங்கிவிட்டேன். அடுத்தது பெண் பேய். சும்மா வந்து கொல்கிறது என்றால் யார் நம்புவார்கள் என்று அதற்கொரு பழைய கதை கொடுத்தேன். அம்பாங்கில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவளைச் சோறு போடாமல் பூட்டிவைத்துச் சாகவிட்டார்கள். எழுதும்போது நானே அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதுவே வினையாகிவிட்டது. எடிட்டிங் அறையில் பேய் கழுத்தை நெரிக்கும் காட்சி ஓடுகிறது, தயாரிப்பாளர் மாலதி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். "பாவம் லா அது. பயம் எங்க வருது, எனக்கு அதுக்குச் சோறு போடணும் போல இருக்கு."

நல்ல மனுஷன்

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. பல்லும் இல்லை, பழைய கதையும் இல்லை. ஒரு புருஷன், அவ்வளவுதான். கை ஓங்கமாட்டான், குரல் உயர்த்தமாட்டான். மனைவியின் போனைத் தினமும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்ப்பான். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவான். விருந்தாளி வந்தால் தானே தேநீர் கலக்குவான். கடைசிவரை அவளை வெளியே விடமாட்டான். நான் எழுதியதிலேயே கொடூரமானவன் இவன்தான்.

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அக்கம்பக்கத்தவர்களை அழைத்துப் போட்டுக் காட்டினோம். சனங்கள் நிம்மதியாக வடை தின்றார்கள். அவன் தேநீர் கலக்கும் இடத்தில் கைதட்டல் வேறு. படம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். "மாப்பிள்ளை தங்கமான ஆளு. பேய்தான் கடைசி வரைக்கும் வரல பாஸ்."

நாற்காலி மடக்கும்போது

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாலதி அக்கா, அடுத்த படத்துக்கு வேறு ஆள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். நான் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினேன். ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. எதையும் சாப்பிட்டிருக்கவும் இல்லை. சற்றுமுன்தான் அவள் கணவர் எனக்குக் கைகொடுத்து, நல்ல படம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கப் போயிருந்தார்.

வெளியே ஹாரன் கேட்டது, மெதுவாகத்தான். அவள் சட்டென்று எழுந்தாள். கைப்பையிலிருந்த போனை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள். கதவருகே போய், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்தப் பொண்ணு எப்படி வெளிய போறா அண்ணே? அதை ஏன் காட்டல?"

என் படத்தைப் பார்த்து உண்மையாகவே பயந்த ஒரே ஆள் கேட்ட கேள்விக்கு, கதையை எழுதிய எனக்கே பதில் தெரியவில்லை என்பதுதான் என் தொழில் திறமை.