ஒரு தொன்னை சுண்டல்

குடலில் கிருமி பெருகியிருக்கிறதா என்று மூச்சை ஊதவைத்துப் பார்க்கும் டெஸ்டுக்காக, இன்று வெறும் வயிற்றோடு அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

முதல் ஊதலிலேயே மெஷின் அளவு அதிகம் காட்ட, நர்ஸ் நிறுத்திவிட்டார். "ஏனுங்க, நேத்து வெறும் சோறு மட்டும்னு சொன்னமுங்களே! கடலை, பயறு ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

நேற்று பிரதோஷம். வேண்டாம் என்று சொல்லியும் மாமியார் கோயில் சுண்டலைக் கையில் திணித்தார். "பிரசாதம் சாப்பாட்டுக் கணக்குல சேராது சாமி."

கணவரும், "ஒரு தொன்னைதானே, அம்மா மனசு நோகாம தின்னுரு" என்றார்.

இரண்டு வருடமாக நோவது என் வயிறு. அது எந்தக் கணக்கிலும் சேராது போல.

டெஸ்ட் ரத்து. போனில் மாமியாரிடம் சொன்னேன். "சாமியவே குத்தம் சொல்றியா?" என்று வைத்துவிட்டார்.

அடுத்த தேதி பதினைந்து நாள் கழித்து. காலண்டரைப் பார்த்தேன். அதற்கு முந்தைய நாளும் பிரதோஷம்.

அன்றைக்கு மட்டும் யார் வீட்டிலாவது எனக்கு வெறும் சோறு கிடைக்குமா?