ரேடார் இல்லாத ஊரில் யானைமலையைத் தேடியது

நான் விமானம் ஓட்டப் பழகிய நாட்களில் மதுரை விமான நிலையத்தில் ரேடார் கிடையாது. வானத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று டவரில் இருக்கும் கன்ட்ரோலர் அண்ணனுக்குத் தெரிய ஒரே வழி, நாங்கள் ரேடியோவில் சொல்வதுதான். அதைச் சீட்டில் எழுதிக்கொள்வார். அதை நம்பித்தான் அடுத்த விமானத்துக்கு எச்சரிக்கை சொல்வார். நாங்கள் உளறினால் அவர் சொல்வதும் உளறல்.

அன்று இரண்டாவது முறையாகத் தனியாகப் பறக்கிறேன். மேலூர் வரை போய்த் திரும்ப வேண்டும். பயிற்சி கொடுக்கும் மேடம் மேப்பை நீட்டினார்.

"மேப் எதுக்கு மேடம்? மூணு வருசம் மேலூர் பஸ்ல தொங்கிக்கிட்டே காலேஜ் போனவன் நான்."

"சரிப்பா. இன்னைக்கு ஒரு தப்பு பண்ணுனாலும் தனியாப் பறக்குறது கட். மறுபடி என் பக்கத்துலதான் உக்காரணும்."

மேப்பைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு கிளம்பினேன். யானைமலை வரும், அதைத் தாண்டினால் மேலூர், அவ்வளவுதானே. பஸ்ஸிலிருந்து பார்த்தால் தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை அது. தேடிக்கொண்டே போனேன். யானை வரவே இல்லை. நடுவில் நீளமாக ஒரு மொட்டைப் பாறை வந்தது, போயிற்று.

டவரிலிருந்து அண்ணன் கேட்டார். சென்னையிலிருந்து ஒரு பயணிகள் விமானம் வடகிழக்கே இறங்கி வருகிறது, நீ எங்கே இருக்கிறாய்?

யானைமலைக்குத் தெற்கே என்றேன், தெனாவட்டாக. அண்ணன் அதை அப்படியே அந்தப் பெரிய விமானத்துக்குச் சொன்னார்.

பிறகுதான் கீழே பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகச் சதுரக் குழிகள், கிரானைட் குவாரிகள். அந்தப் பக்கம் நான் தினமும் இறங்கிய பஸ் ஸ்டாண்ட். மேலூர். அப்படியென்றால் அந்த மொட்டைப் பாறைதான் யானைமலை. நேர் மேலே இருந்து பார்த்தால் தும்பிக்கையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பெரிய விமானம் என் தலைக்கு மேலேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

சத்தம் போடாமல் திரும்பிவிட்டால் தனியாகப் பறப்பது தப்பிக்கும். ரேடார்தான் இல்லையே, யாருக்குத் தெரியும்? இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படி யோசித்தேன், மறைக்கவில்லை. பிறகு ரேடியோ பட்டனை அழுத்தினேன். நான் சொன்ன இடம் தப்பு, மேலூருக்கு மேலே இருக்கிறேன், மூவாயிரம் அடி.

அதுவரை இங்கிலீஷில் பேசிய அண்ணன் தமிழுக்கு வந்துவிட்டார். "தம்பி, அங்கனயே சுத்திக்கிட்டு இரு. கீழ மட்டும் பாரு."

பெரிய விமானத்தை அதே உயரத்தில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அதன் கேப்டன் என்னைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். நானும் அண்ணாந்து பார்த்தேன். அதன் வயிறு தெரிந்தது.

இறங்கியதும் மேடம் நின்றுகொண்டிருந்தார். "மூணு வருசம் தொங்குனியாமே?"

"படியில தொங்குனா மலை சைடுலதான் மேடம் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. தனியாகப் பறப்பது ஒரு வாரம் கட். அந்த வாரம் முழுக்க டவரில் அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை என் வகுப்புத் தோழன் பறந்துகொண்டிருந்தான். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே என்று ரேடியோவில் சொன்னான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெறும் வானம். அண்ணன் எழுதிக்கொண்டார்.

"அண்ணே, அவன் சொன்னா நம்பிருவீங்களா? அவனுக்குக் கேன்டீனுக்கே வழி தெரியாது."

"நீ சொன்னதையுந்தான் நம்புனேன்" என்றார், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே.