இருபதுக்கு ஒருவர்

இருபது வாக்குக்கு ஒரு பிரதிநிதி. மிச்ச வாக்குகள் கணக்கில் இல்லை. பத்தொன்பது கிடைத்தாலும் பூச்சியம்தான், முப்பத்தொன்பது கிடைத்தாலும் ஒன்றுதான். கட்சியின் விதி அவ்வளவே. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

இலங்கையில் போர் முடிந்து இரண்டாவது வருடம் அது. பாரிஸின் லா ஷப்பல் பகுதியில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் ஒரு அக்கா வேலை செய்தார். அவருடைய கணவர் 2009 மே மாதம், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறியவர். ஏறியதை அக்கா தன் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிறார் என்றோ இல்லை என்றோ யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிரெஞ்சு அலுவலகங்களில் ‘மணமானவரா, கைம்பெண்ணா’ என்று கேட்டால் அக்கா என் முகத்தைப் பார்ப்பார். நான் என்னத்தைச் சொல்வது?

அப்போது ஒரு சிறிய பிரெஞ்சுக் கட்சி, ஜனாதிபதித் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று கிளைப் பிரதிநிதிகளின் மாநாட்டில் முடிவெடுக்க இருந்தது. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் முன்னாள் அமைச்சர். மற்றவர் ஒரு பெண்மணி. தான் வெல்லமாட்டேன் என்பது அந்தப் பெண்மணிக்கே தெரியும். ஆனால் லா ஷப்பலுக்கு வந்து எங்களோடு நின்று தேநீர் குடித்தவர் அவர்தான். “என் அணியில் உங்களில் ஒருவர் பிரதிநிதியாக வந்தால், மாநாட்டு மேடையில் அவருக்கு மூன்று நிமிடம் உண்டு. காணாமற்போனவர்களைப் பற்றி அங்கே பேசட்டும்” என்றார். மாநாடு தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும். கட்சியில் சேர பிரெஞ்சுப் பாஸ்போர்ட் தேவையில்லை, அகதி அட்டையே போதும். அக்காவோடு சேர்த்து இருபத்தொரு பேர் சேர்ந்தோம். யார் பேசுவது என்பதில் ஒரு விவாதமும் இருக்கவில்லை.

அக்காவுக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு. நான் எழுதிக் கொடுத்ததை வெங்காயம் உரித்துக்கொண்டே பாடமாக்கினார். கடையில் ஆள் குறைந்த நேரங்களில் போய்க் கேட்பேன். கணவருடைய பெயர் வரும் இடத்தில் மட்டும் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்.

“அக்கா, அந்த இடத்திலைதான் ஓடாமல் ஆறுதலாச் சொல்ல வேணும்.”

“தெரியும் பிள்ளை. ஆறுதலாச் சொன்னா மிச்சம் வாயிலை வராது.”

எதிரணியில் முதல் பெயர் பாண்டிச்சேரி ஐயாவுடையது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் கிளையின் செயலாளர், முன்னாள் அமைச்சரின் ஆள். லா ஷப்பலில் பாதிப் பேரின் அகதி வழக்கை ஒரு சதம் வாங்காமல் மொழிபெயர்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அக்காவின் கதையை அவர் பக்கத்தில் இருந்து கேட்டு, அழுதழுது எழுதினார் என்று சொல்வார்கள். தெருவில் என்னைக் கண்டால், “நீங்க உங்க பக்கம் பாருங்கம்மா, நான் எம் பக்கம் பாக்குறேன்” என்று சிரிப்பார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பயமே. எங்கள் ஆட்கள் ஒருவரின் முகத்தை முறிக்கமாட்டார்கள். ஆகவே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: “ஐயாவை வேணுமெண்டா வீட்டை கூப்பிட்டுச் சாப்பாடு குடுங்கோ. வாக்கு அக்காக்கு.” எல்லாரும் ஓம் என்றார்கள்.

வாக்களிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. எங்களில் ஒருவரை உணவக முதலாளி வேலையில் இருந்து விடவில்லை. அந்த முதலாளியை நான் திட்டாத திட்டில்லை. ஆனாலும் இருபது பேர் வந்துவிட்டோம், மட்டுமட்டாகப் போதும். ஒவ்வொரு அணிக்கும் அதன் முதல் பெயர் அச்சடித்த ஒரு சீட்டு. இரண்டையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை உறைக்குள் வைத்து மற்றதைக் கசக்கி எறிய வேண்டும்.

ஐயாவே எண்ணினார். அவர்களுக்கு அறுபத்துநான்கு. எங்களுக்குப் பத்தொன்பது.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னொரு வாட்டி எண்ணிடலாம்” என்றார். எங்களைவிட அவருக்குத்தான் அது தேவைப்பட்டது போல இருந்தது. மறுபடியும் பத்தொன்பது.

வெளியே வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆர் உந்த வேலை பாத்தது? வாயைத் திறந்து சொல்லுங்கோ.” நகைக்கடை அண்ணை தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பண்ணினார்கள். நான் ஒருவரையும் நம்பவில்லை. அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“அவையைப் பேசாதை பிள்ளை. நான்தான்.”

“என்ன நீங்கள்தான்?”

“நான் ஐயாக்குப் போட்டனான்.”

நான் அவருடைய கையை உதறினேன். ஆனால் யோசித்தால், இது எங்கள் ஆட்களுக்குப் புதுசா? ஊர்ச் சங்கமோ கோயில் சபையோ, ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பெயர் வந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். போட்டி வந்துவிட்டால் தன் வாக்கை எதிராளிக்குப் போடுவதுதான் மரியாதை. தனக்குத் தானே போட்டவர் என்ற பேச்சு வந்தால் ஆயுளுக்கும் அழியாது.

“நான் இல்லாமலே இருபது வரும் எண்டு எண்ணிப் பாத்துத்தான் செய்தனான். ஒராள் வராதது எனக்குத் தெரியாது. திரைக்குப் பின்னாலை நிண்டு என்ரை பேரை நானே எடுத்து உள்ளுக்கை வைக்கக் கை கூசிப்போட்டுது. ஐயாவின்ரை பேரைப் பாத்தன். அந்த மனுசன் எனக்காக எவ்வளவு எழுதினது.”

“உங்கடை மனுசனுக்கெண்டெல்லோ வாக்குக் கேட்டது அக்கா. உங்களுக்கெண்டே கேட்டது?”

“பேர் என்ரைதானே இருந்தது பிள்ளை.”

நான் அந்தத் தெருவிலேயே நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். அவர்களுடைய மூன்று பிரதிநிதிகளுக்கு அறுபது வாக்கே போதும். மேலே வந்த நான்கும் ஒன்றுக்கும் உதவாதவை. அக்கா போட்ட வாக்கால் ஐயாவுக்குக்கூட ஒரு நன்மையும் இல்லை. இதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும்.

மாநாட்டன்று சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியைப் போட்டு வைத்தார்கள். எங்கள் கிளையில் ஐயாவின் அணியில் தெரிவான மூன்றாவது பிரதிநிதி ஒரு பிரெஞ்சுப் பெண். கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுவிட்டு வேலைக்குப் போக லா ஷப்பலில் இடம் போதாது என்று பேசினார். தேவையான விசயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குசினியில் இருந்து வந்து, கடைசி வரைக்கும் நின்று கேட்டார்.

“வடிவாக் கதைக்கிறா,” என்றார். “அவசரப்படாமல் கதைக்கிறா.”

பேச்சு முடிந்தது. முதல் வரிசையில் ஒரு ஆள் எழும்பி நின்று, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கை தட்டிக்கொண்டிருந்தார். படம் கொஞ்ச நேரம் அவரிலேயே நின்றது.

“அவவின்ரை மனுசனாக்கும்,” என்றார் அக்கா. “வந்திருக்கிறார்.”