ஜெபராணியின் இடப்பக்கம்

ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டே வந்து, மூலை திரும்பும் இடத்தில் ஜெபராணி மெஷின் மிதியிலிருந்து காலை எடுப்பார். ஊசி நிற்கும். தோலைத் திருப்புகிற நேரத்துக்குள் தலையை இடப்பக்கம் சாய்த்து, "இன்னா ஜெயா, ஒம் பொண்ணு இன்னிக்கி அதுவா ஜடை போட்டுக்கிச்சு. ஒரு பக்கம் கோணல்" என்பார். மறுபடி தையல் ஓடும். மிச்சம் அடுத்த மூலையில் வரும்: "அவுக்க வுடல. அப்பிடியே ஸ்கூலுக்குப் போய்ட்டா."

இடப்பக்க மெஷினில் தங்கை ஜெயசீலி தைத்தவரை இப்படிப் பேசுவது சாதாரணம். காமாலையில் அவர் இறந்து, அவர் மகள் தன்னிடம் வளர வந்த பிறகும் ஜெபராணி நிறுத்தவில்லை. அந்த இடத்துக்கு, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பட்டம்மாளைப் போட்டார்கள். ஜெபராணி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

யாருக்கும் கேட்காது. ஆம்பூரில் எங்கள் கம்பெனியில் இருந்தவை பழைய மோட்டார்கள். காலையில் சுவிட்சைப் போட்டால், தைத்தாலும் தைக்காவிட்டாலும் மாலைவரை மேஜைக்கடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் அறையிலிருந்து கேட்டால், பாலாற்றில் எப்போதோ வரும் வெள்ளம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவதுபோல் இருக்கும். வருகைப் பதிவு எடுக்க அருகில் போய் நின்றால்தான் ஜெபராணியின் குரல் காதில் விழும். இறந்தவர்களிடம் சொல்ல வேண்டியவை பெரும்பாலும் இப்படிச் சின்னச் செய்திகள்தான் என்பதை இந்த வருடம் நானும் தெரிந்துகொண்டேன்.

போன வருடம், எண்பத்தெட்டில், சர்வோ மோட்டார்கள் வந்தன. கால் வைத்தால் ஓடும். எடுத்தால் ஊசி மேலே வந்து நிற்கும். நின்ற பிறகு முனகல்கூட இல்லை. முதல் நாளே ஜெபராணி மெக்கானிக் மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டார்.

"பாய், இது செத்துப்போச்சு."

"சாவலக்கா. நின்னாலும் உள்ள கரண்ட் இருக்குது. சக்கரத்தத் தள்ளிப் பாரு."

விரலால் தள்ளினார். கொஞ்சம் நகர்ந்த கைச்சக்கரம் விரலை எதிர்த்தது. விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியும். மெதுவாப் போனாலும் வலு கம்மியாவாது. சூடும் ஜாஸ்தி ஆவாது. சத்தமும் இல்ல, பேஜாரும் இல்ல."

சத்தம் இல்லாததுதான் பேஜார். "ஜெயா, ராத்திரி அவளுக்குக் காய்ச்சல்" என்றது கூடம் முழுக்கக் கேட்டது.

"யாருகிட்ட பேசுற ராணி?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "ஜெயா லீவு முடிஞ்சி வந்துட்டாளா?"

சிரிப்பு வரிசை வரிசையாகப் போயிற்று.

அதன்பின் ஜெபராணி வாய் திறக்கவில்லை. மூலைகளில் சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டு, அது திரும்பி வருவதையே பார்த்துக்கொண்டிருப்பார். தையல் கோணியது. தைத்த ஜோடிகள் திரும்பி வந்தன. இன்னொரு தடவை வந்தால் பசை தடவும் மேஜைக்கு மாற்றிவிடுவதாக சூப்பர்வைசர் சொன்னார். அங்கே இடப்பக்கம் சுவர்.

ஒரு பிற்பகல், ஜெபராணி தையல் மூலையில் ஊசியை நிறுத்தியிருந்தபோது, பட்டம்மாள் கழிவுத் தோல் துண்டு ஒன்றை ஊசிக்கடியில் வைத்துக் காலை அழுத்தினார். மெஷின் முழு வேகத்தில் கடகடத்தது. அதில் தைப்பதற்கு எதுவும் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"இன்னா பண்ற?" என்றார் ஜெபராணி. பட்டம்மாளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"சும்மா ஓட்டிப் பாக்குறேன். நீ பாட்டுக்குப் பேசுக்கா, இன்னும் கொஞ்சந்தான் துண்டு இருக்குது."

ஜெபராணி குனிந்து, தன் காலடிக் கூடையில் கிடந்த கழிவுத் துண்டுகளை இரண்டு கைகளாலும் அள்ளிப் பட்டம்மாளின் மேஜைமேல் வைத்தார்.